மேல் கொட்டகை, கீழ் கொட்டகை

அந்தச் சரிவில் மழை பெய்கிறதா, புழு தின்கிறதா என்று முதல் மாதம் எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. இரண்டும் ஒரே சத்தம். ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பேன். கை நனையாவிட்டால் புழு.

நிலத்தடி நீர் அளக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. காலையில் கிணறு கிணறாகப் போய் நாடாவை இறக்கி ஆழம் குறித்து வர வேண்டும். நண்பகலோடு முடிந்துவிடும். வாடகைக்குக் கிடைத்த அறை முன்பு மல்பெரி இலை கொட்டி வைத்த அறை. எத்தனை முறை கழுவினாலும் தரையில் பச்சை வாசனை இருந்தது. வீட்டுக்காரி இரண்டு தட்டும் இரண்டு தம்ளரும் கொடுத்தாள். ஒன்று போதும் என்றேன். அவள் எதுவும் கேட்காமல் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளை அக்கா என்றும் அவள் கணவரை அண்ணன் என்றும் கூப்பிட்டேன். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருந்தது.

சரிவின் உச்சியில் ஒரு கொட்டகை, அடியில் ஒரு கொட்டகை. நடுவில் வீடும் அதை ஒட்டி என் அறையும். இரண்டு கொட்டகையிலும் பட்டுப்புழு. மேலே அக்கா, கீழே அண்ணன். சுற்றிலும் இடுப்பளவு மல்பெரி. காலையில் பனி அதன்மேல் படுத்திருக்கும். வெயில் ஏற ஏற, யாரோ போர்வையை மெதுவாக உருவுவதுபோல் கீழ்ப்பக்கமாக வழிந்து போகும். அந்த நேரத்தில் மேல் கொட்டகையின் கூரை மட்டும் தெரியும். கீழே ஒன்றும் இருக்காது.

ஊரில் அண்ணனுக்கு ரெட்டைப்பூட்டு என்று பெயர். வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டு. கோடையிலும் கக்கத்தில் குடை. சேமிப்பு கொஞ்சம் வங்கியில் இருந்தது, கொஞ்சம் அஞ்சலகத்தில். மீதி நான்கு ஆடுகளாகக் கொல்லையில் மேய்ந்தது. புழு முட்டையைக்கூட ஒரே நிலையத்தில் வாங்க மாட்டார். மேல் கொட்டகைக்கு ஒரு நிலையம், கீழ் கொட்டகைக்கு இன்னொன்று. மூத்த மகளைக் கிழக்கே கடலோரம் கட்டிக்கொடுத்தார், இளையவளை மேற்கே மலைப்பக்கம். கடல் பொங்கினால் மலையில் ஒன்று இருக்கும், மலை சரிந்தால் கடலோரம் ஒன்று இருக்கும் என்று சம்பந்தம் பேசும்போதே சொன்னாராம். இலை ஏற்ற வரும் வண்டிக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அண்ணன் கோபப்பட மாட்டார். அக்காதான் பதில் சொல்வாள்.

"எல்லாத்துலயும் ரெண்டு வச்சிருக்காரு. பொண்டாட்டிய மட்டும் எப்படி ஒண்ணோட நிறுத்துனாருன்னுதான் எனக்கு இன்னும் விளங்கல."

"கேட்டுப் பாத்திருப்பாரு. ரெண்டாவது கிடைச்சிருக்காது" என்பார் வண்டிக்காரர்.

புழு வளர்க்கும் இருபத்தாறு நாளும் அவர்கள் ஒருவரை ஒருவர் நெருங்கக் கூடாது. அண்ணன் போட்ட சட்டம். எட்டு வருடத்துக்கு முன் இருவரும் இரண்டு கொட்டகையிலும் புழங்கினார்கள். கீழே வந்த நோய் அவர் செருப்போடு மேலே ஏறியது. ஒரே வாரத்தில் இரண்டு கொட்டகைப் புழுவையும் ஒரே குழியில் கொட்டி மூடினார்கள். அந்த வருடம் மூத்தவளின் படிப்பு நின்றது. அதன் பிறகுதான் வீட்டுக்கும் கீழ் கொட்டகைக்கும் நடுவே பாதையின் குறுக்கே சுண்ணாம்புத்தூளால் ஒரு கோடு. முட்டை பொரித்ததும் அண்ணன் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். அங்கேயே குளியல், அங்கேயே படுக்கை, கொட்டகைக்கு ஒரு செருப்பு, வெளியே ஒரு செருப்பு. சோறு கோட்டருகே ஒரு கல்லின்மேல் வைக்கப்படும். வைப்பது என் வேலை. எந்தக் கொட்டகைக்குள்ளும் நுழையாதவன் நான் ஒருவன்தான்.

சாயங்காலம், புழு தின்று அடங்கும் நேரத்தில், இருவரும் கோட்டிலிருந்து பத்துப் பத்து அடி தள்ளி நின்று பேசுவார்கள். நான் ஜன்னலில் உட்கார்ந்திருப்பேன். பெரும்பாலும் புழுப் பேச்சுதான். மூன்றாம் தூக்கம் எழுந்ததா, இலை முற்றிவிட்டதா, கீழே ஈரம் எப்படி. புழு நான்கு முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியபடி ஒரு நாள் அசையாமல் இருக்கும். அதைத் தூக்கம் என்பார்கள். புழு தூங்கும் நாட்களில் அவர்களுக்கும் ஓய்வு. பேச்சு நீளும். ஒருமுறை அக்கா தன் கனவு ஒன்றைச் சொன்னாள். வீடு முழுக்க இலை, அவள் அதில் நீந்திப் போகிறாள், கரை வரவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருட்டத் தொடங்கியிருந்தது. அண்ணன், நீச்சல் தெரியாதவளுக்கு என்ன நீச்சல் கனவு என்று கேட்டார். பிறகு, கனவில் தான் எங்கே இருந்தேன் என்று கேட்டார். அக்கா யோசித்துப் பார்த்து, தெரியவில்லை என்றாள்.

அந்த வருடம் முதல் இரண்டு வளர்ப்பும் வெக்கையில் போயிருந்தன. இரண்டாவது போன அன்று மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் தட்டைப் பார்த்தபடி பேசினார். மூன்றாவதும் போனால் கொட்டகையை மூடிவிடுவது, தோட்டத்தைக் கொடுத்துவிடுவது. அவர் கடலோரம் மூத்தவள் வீட்டுக்கு, அக்கா மலைக்கு இளையவள் வீட்டுக்கு. ஒரே மாப்பிள்ளை தலையில் இருவரும் ஏறக் கூடாது. பிரித்து ஏறினால் பாரம் தெரியாது. அக்கா கரண்டி நிறையப் பருப்பை எடுத்து என் தட்டில் ஊற்றினாள். நான் கேட்கவில்லை.

மூன்றாவது வளர்ப்பு நன்றாக வந்தது. மழைக்கு முந்தைய குளிர்ச்சி, பால் வற்றாத இலை. நாலாம் தூக்கம் எழுந்த பிறகு புழுக்கள் சுண்டுவிரல் பருமனாயின. இனி ஏழெட்டு நாள்தான், பிறகு கூடு. அந்த ஏழெட்டு நாளில்தான் அவை தம் வாழ்நாளில் தின்பதில் முக்கால்வாசியைத் தின்னும். நாள் முழுக்கக் கிளை வெட்டுவதும், சுமப்பதும், தட்டுகளில் பரப்புவதும்தான். அக்காவின் விரல்கள் இலைச்சாறு காய்ந்து கறுத்திருந்தன. நின்றபடியே சாப்பிட்டாள். சில சமயம் நின்றபடியே கண்ணை மூடுவாள். இரண்டு கொட்டகையிலிருந்தும் சரிவு முழுக்க மழை பெய்துகொண்டே இருந்தது, நனைக்காமல்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அண்ணன் கோட்டருகே வரவில்லை. வழக்கத்தைவிடத் தள்ளி, கிணற்றுக்கு அப்பால் நின்றார்.

"பால் வந்துருச்சு" என்றார்.

புழு வீங்கிப் பளபளக்கும். இலையை விட்டுவிட்டுத் தட்டின் ஓரமாக ஓயாமல் அலையும். தோல் கிழிந்து பால்போல் ஒழுகும். அந்தப் பால் பட்ட இலையைத் தின்ற புழுவும் அப்படியே ஆகும்.

அக்கா எத்தனை என்று கேட்டாள். காலையில் பத்து, இப்போது எண்ணவில்லை என்றார்.

"நீ மேல பாத்துக்க. இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காத. இனிமே பேச்சும் வேண்டாம், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியல."

அதற்காகத்தானே கோடு என்பதுபோல் அக்கா தலையை ஆட்டினாள். அவர் இருட்டில் திரும்பிப் போனார். கக்கத்தில் குடை இருந்தது.

மறுநாள் காலை சோற்றுத் தூக்கை வைக்கப் போனேன். முந்தைய இரவு வைத்த தூக்கு கல்லின்மேல் அப்படியே இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். கோட்டைத் தாண்டினேன். அவர் கொட்டகை வாசலில் சாக்குகளின்மேல் படுத்திருந்தார். உள்ளே பாதித் தட்டுகள் காலி. பின்னால் புதுக் குழி, பாதி மூடியது. அவர் மூச்சு ஏதோ ஈரத்துணிக்குள் இருந்து வருவதுபோல் வந்தது. நெற்றியைத் தொட்டேன். கை சுட்டது.

அக்காவிடம் சொல்லக் கூடாது என்றார். சொன்னால் இறங்கி வருவாள், வந்தால் திரும்பிப் போக முடியாது, மேல் கொட்டகையும் போகும். சாதாரணக் காய்ச்சல்தான், குழி வெட்டியதில் பனியில் நனைந்துவிட்டேன் என்றார்.

"மூணு நாள் தம்பி. மூணே நாள். அது கூடு கட்ட ஏறிடட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். கிணற்றடியில் உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, உடையை அங்கேயே விட்டுவிட்டு வேறு உடை மாற்றினேன். மேலே போனபோது அக்கா வாசலுக்கு வராமல் உள்ளிருந்தபடியே கேட்டாள், சாப்பிட்டாரா என்று. சாப்பிட்டார் என்றேன். மதியமும் கேட்டாள். அதையே சொன்னேன். இரவும்.

படுத்தேன். புழு தின்னும் சத்தம் இப்போது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காய்ச்சலில் கிடந்த என் மனைவியும்தான் ஓர் இரவு சொன்னாள். அந்தக் காலையை அவள் பார்க்கவில்லை. விடிந்ததும் எழுந்து மேல் கொட்டகைக்குப் போனேன்.

அக்கா மூன்றாவது அடுக்கில் கிளை பரப்பிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"எப்பலேர்ந்து?"

"நேத்துக் காலைலேர்ந்து."

"நேத்து மூணு வேளையும் சாப்டாருன்னு சொன்னியே."

அவர் சொல்லச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருக்கும். அந்த வரிசையை முடித்தாள். அடுத்த வரிசையையும் முடித்தாள். கடைசித் தட்டில் கிளைகளை நேராக்கி, தரையில் விழுந்த ஒரு புழுவை எடுத்து மேலே விட்டாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டே என்னை உள்ளே வரச் சொன்னாள். வாசலில் சுண்ணாம்புத்தூள் பரப்பிய சாக்கு. அதில் காலை அழுத்தி மிதித்துவிட்டு நுழைந்தேன். முதல்முறையாக.

அவள் சொன்னதெல்லாம் கொஞ்சம்தான். நாளுக்கு நாலு வேளை. இலை நனைந்திருந்தால் உலர்த்தாமல் போடக் கூடாது. கூட்டமாக இருந்தால் பிரித்துவிட வேண்டும். நோய் வந்த புழுவும் அலையும், பழுத்த புழுவும் அலையும், இரண்டும் இலையை விட்டுவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். வீங்கி வெள்ளையாக இருந்தால் நோய், குச்சியால் எடுத்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட வேண்டும். உடம்பு சுருங்கி, ஊறிய திராட்சைபோல் ஒளி ஊடுருவினால் பழுத்தது. நாலில் ஒன்று அப்படி ஆனதும், கூடு கட்டுவதற்கான மடிப்பு வலைகளை விரித்துத் தட்டின்மேல் வைக்க வேண்டும். தாமாக ஏறும்.

எனக்குத் தெரியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாட்டி அதுக்குத் தெரியும்" என்றாள்.

இறங்கிப் போனாள். பனி இன்னும் விலகவில்லை. கோட்டின் அருகே ஒரு கணம்கூட நிற்கவில்லை. நான் கோடு வரை போய் நின்றுகொண்டேன். ஆட்கள் தெரியவில்லை. குரல்கள் மட்டும் பனிக்குள்ளிருந்து மேலே வந்தன.

"வராதன்னு சொன்னேன்ல."

"வந்துட்டேன். எந்திரிங்க."

"மேல யாரு?"

"தம்பி இருக்கான்."

"அவனுக்கு என்ன தெரியும்?"

"கிணத்து ஆழம் தெரியும்."

இருமல் கேட்டது. வெகுநேரம் இருமினார். பிறகு அவர் குரல் முன்பைவிடச் சின்னதாக வந்தது.

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் வந்துட்டமே. மேலயும் போச்சுன்னா நீ சின்னவ வீடு, நான் பெரியவ வீடு. அதுதானே பேச்சு."

"புழு இருந்து நீங்க போனா, நான் யார் வீடு?"

தூக்கி உட்கார வைக்கும் சத்தம் கேட்டது. செருப்பு எங்கே என்று அவர் கேட்டார். எந்தச் செருப்பு என்று அவள் கேட்டாள். எதுவாக இருந்தாலும் சரி என்றார்.

வண்டிக்காரரைக் கூட்டிவர நான் ஓடவில்லை, கீழ்ச் சாலை வழியே அக்காவே போய்க் கூட்டிவந்தாள். இலை ஏற்றும் வண்டியில் சாக்கு விரித்து அவரைப் படுக்க வைத்தார்கள். அந்தக் கைத்தாங்கலுக்கு நான் வரக் கூடாது என்று அவள் கையை மட்டும் ஆட்டினாள். வண்டி நகரத்துச் சாலையில் திரும்பும் வரை சத்தம் கேட்டது.

பிறகு நான் மட்டும். அலுவலகத்துக்கு ஆளிடம் சொல்லி அனுப்பினேன்.

அன்று மதியமே தூறல் பிடித்தது. இந்த முறை கை நனைந்தது. வெட்டி வந்த கிளைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. உதறினேன். போதவில்லை. என் அறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன், கட்டிலில் பரப்பினேன், நாற்காலியில், மேசையில். அறை நிறைந்து, நான் கதவோரம் தரையில் படுத்தேன். தூக்கமும் விழிப்பும் எங்கே பிரிந்தன என்று சொல்ல முடியாது. இலைகளுக்குள் கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனேன். கரையில் யாரோ உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தார்கள். எழுந்து பார்த்தால் ஒரு கிளை காற்றில் ஆடியது. உலர்ந்ததை அள்ளிக்கொண்டு மேலே ஏறினேன். போட்டேன். அவை தின்றன. காலித் தண்டுகளை எடுத்தேன். மறுபடி இறங்கி வெட்டினேன்.

மறுநாள் வண்டிக்காரர் கோட்டருகே வந்து கத்திச் சொல்லிவிட்டுப் போனார். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, மூச்சுவிட வாயில் குழாய் வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் தாமதித்ததைப் பற்றி டாக்டர் ஏதோ சொன்னாராம். என்ன சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று மாலை நான்காவது அடுக்கின் ஓரத்தில் ஒரு புழு அலைந்தது. எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளை. அழுத்தாமலே விரலில் பால் ஒட்டியது. நான் கீழே போய் அவர் நெற்றியைத் தொட்ட கைதான் அது. எத்தனை முறை கழுவியிருந்தேன் என்று தெரியவில்லை. அந்தத் தட்டு முழுவதையும் அப்படியே தூக்கி வெளியே கொண்டுபோய்க் குழி வெட்டிக் கொட்டினேன். அதில் நல்லதும் இருந்திருக்கும். பிரித்துப் பார்க்க எனக்குக் கண் இல்லை. தரையைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தேன். பிறகு ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தேன். மேலும் ஆறு கிடைத்தன. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் விடிந்தபோது சத்தம் குறைந்திருந்தது. எல்லாம் செத்துவிட்டன என்று நினைத்தேன். உள்ளே போனேன். புழுக்கள் இலைமேல் தலையைத் தூக்கி, காற்றில் எதையோ தேடுவதுபோல் மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தேன். உள்ளே மஞ்சள் வெளிச்சம் ஓடியது. வலைகளை விரித்தேன். அவசரத்தில் முதல் வலையைத் தலைகீழாக வைத்துவிட்டேன். அவை அதற்காகக் காத்திருக்கவில்லை. தலைகீழாகவே ஏறின. ஒன்று என் சட்டைக் கைமடிப்பில் ஏறி, இரண்டு இழை விட்டிருந்தது.

நான்காம் நாள் முற்பகல் அக்கா வந்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். உடை மாற்றவில்லை, தலை கலைந்திருந்தது. நான் என் அறை வாசலில் நின்றேன்.

"கஞ்சி குடிச்சாரு" என்றாள்.

"கட்டுது" என்றேன்.

அவள் அப்படியே பாதையில் உட்கார்ந்தாள். ஒரு தட்டைக் கொட்டியதைச் சொன்னேன். கொட்டியது சரிதான் என்றாள். எத்தனை ஏறியிருக்கும் என்று கேட்டாள். பத்தில் எட்டு இருக்கலாம் என்றேன். போதும், ஒருத்தர் தலையிலும் ஏற வேண்டியதில்லை என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் ஆஸ்பத்திரியிலும் சும்மா இல்லையாம். தன் டாக்டர் சொன்னதைப் பக்கத்துக் கட்டில்காரருடைய டாக்டரிடமும் கேட்டு வா என்று அவளை விரட்டுகிறாராம். நர்ஸ் சிரித்துவிட்டுப் போனாளாம்.

"இனி அவர் கீழயும் நான் மேலயும் இல்ல தம்பி. ரெண்டு கொட்டகையும் வேணும்னா இருக்கட்டும். நாங்க ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குவோம். அவர்கிட்ட சொல்லிட்டேன்."

அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"வாயில குழாய் இருந்துச்சு. அந்த நேரமாப் பாத்துத்தான் சொன்னேன்."

எழுந்து கிணற்றடிக்குப் போய்க் குளித்து, நான் கொண்டுவந்து கொடுத்த உடையை மாற்றிக்கொண்டு மேலே வந்தாள். சுண்ணாம்புச் சாக்கை மிதித்தாள். வலை வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்தாள். சில கூடுகள் முடிந்து வெள்ளையாக இருந்தன. சில இன்னும் மூடுபனிபோல் மெல்லியதாக, உள்ளே புழு தலையை எட்டுப் போடுவதுபோல் அசைப்பது தெரிந்தது. தலைகீழாக வைத்த வலையைப் பார்த்தாள், அடுத்ததற்கு நகர்ந்தாள். கடைசி அடுக்கின் காலடியில் ஒரு புழு ஏறாமல் கிடந்தது. எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்தாள். பழுத்திருந்தது. வலையில் விடவில்லை. என் கிணற்றளவுப் பதிவேட்டிலிருந்து ஒரு தாள் கேட்டாள். கிழித்துக் கொடுத்தேன். அதைக் கூம்பாகச் சுருட்டி, புழுவை உள்ளே விட்டு, வாயை மடித்தாள்.

"அவருக்கு. சும்மாதானே படுத்திருக்காரு."

"ஒண்ணே ஒண்ணா? ரெண்டா எடுத்துட்டுப் போங்க அக்கா. வழியில ஒண்ணு செத்துட்டா?"

"செத்தா செத்ததுதான். ஒண்ணையே பாத்துட்டு இருக்கட்டும்."

மதியப் பேருந்துக்கு நேரம் இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். கேட்கவில்லை. காகிதக் கூம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி சரிவில் இறங்கினாள். பாதி வழியில் நின்று அதைக் காதருகே வைத்துக் கேட்டாள். பிறகு இன்னும் மெதுவாக நடந்தாள். பேருந்து நகரம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் அது கட்டத் தொடங்கிவிடும்.